யாத்திரைக்குப் போகட்டும், மாத்திரையும் கூடப் போகட்டும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 66. ஐந்து வருடமாகப் பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த மாதம் பத்து நாள் யாத்திரை கிளம்புகிறார். ‘அங்கே போய் நடக்க முடியாதவர்களே நடந்திருக்கிறார்கள், மாத்திரையோடு போனால் அது அரைகுறை நம்பிக்கை’ என்று கூட வரும் சித்தி சொல்லிவிட்டார். அம்மாவும் மாத்திரையை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. தடுத்தால், ‘உன் சந்தேகத்தால்தான் எனக்குக் குணமாகவில்லை’ என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: யாத்திரையைத் தடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போட்டது உங்கள் சித்திதான். அந்த முடிச்சை அவிழ்த்தால் போதும்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற ரசாயனம் இந்த நோயில் மூளையில் குறைந்துபோகிறது; அதை ஈடுகட்டுவது லெவோடோபா. பல வருடம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே உடம்பு கட்டையாக விறைத்துப்போகலாம். கடும் காய்ச்சல் வரும், புத்தி தடுமாறும். உயிருக்கே ஆபத்தாக முடிவதும் உண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால் யாத்திரையை அங்கேயே நிறுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றும் நடக்கலாம், அதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அம்மா அங்கே நிஜமாகவே நன்றாக நடக்கலாம். 2001-ல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டார்கள். அது மருந்தாக இருக்கலாம் என்று எதிர்பார்த்தவர்களின் மூளையில் டோபமின் சுரந்தது ஸ்கேனில் தெரிந்தது. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே இந்த நோயில் கொஞ்ச நேரம் மருந்து மாதிரி வேலை செய்கிறது. அதனால் அம்மா நடப்பதைப் பார்த்து ‘எல்லாம் பிரமை’ என்று சொல்லிவிடாதீர்கள். அவர் நடந்தது நடந்ததுதான். ஆனால் அந்தச் சுரப்பு நிலைக்காது. மூன்றாம் நாள் அம்மா விறுவிறுவென்று நடப்பதைப் பார்த்து, ‘பார்த்தாயா, இனி எதற்கு மாத்திரை?’ என்று சித்தி சொல்லும் அந்த நேரம்தான் எனக்குக் கவலை.

சித்தியிடம் பேச ஒரு செய்தி தருகிறேன். பிரான்சின் லூர்து நகரில் இருக்கும் மாதா திருத்தலத்துக்கு 1858-லிருந்து நோயாளிகள் போய்க்கொண்டிருக்கிறார்கள். குணமானதாகச் சொல்பவர்களைப் பரிசோதிக்க அங்கே மருத்துவர் குழுவே இருக்கிறது. சுமார் 7,000 பேரின் விவரங்கள் பதிவாகியிருக்க, 2018 வரை திருச்சபை அற்புதம் என்று ஏற்றுக்கொண்டது 70-ஐத்தான். அந்த 70-வது ஆள் ஒரு கன்னியாஸ்திரீ. 2008-ல் அங்கே போய்வந்தவருக்கு அங்கீகாரம் கிடைக்கப் பத்து வருடம் ஆனது. அற்புதத்தை நம்புகிறவர்களே அவ்வளவு பொறுமையாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை அங்கே அழைத்துப்போகும் குழுக்களில் மருத்துவரும் செவிலியரும் கூடவே போகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கை அரைகுறை என்று சித்தி சொல்வாரா, கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். பிள்ளையின் மனதில் இருக்கும் சந்தேகம் அம்மாவின் மூளை செல்லைத் தொடாது. அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, குணமாகாமல் திரும்பினால் அம்மா தன்னையே குறை சொல்லிக்கொள்வாரே என்பதுதான். என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் யாத்திரை முடிந்து வந்தபோது கை நடுக்கம் அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும், ‘என் பக்திதான் பத்தவில்லை டாக்டர்’ என்றார். கையை மடியில் அமுக்கிப் பிடித்திருந்தார், நான் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல. குணமாகாததோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வந்திருந்தது. எனவே அம்மா வீடு திரும்பியதும் ‘குணமாச்சா?’ என்று கேட்காதீர்கள். ‘பயணம் எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள்.

கிளம்பும் முன் அவருடைய நரம்பியல் மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து நாளுக்குப் பதினைந்து நாள் மாத்திரை எடுத்துக்கொள்ளட்டும், அதையும் இரண்டு பையில் பிரித்து. விரதம் இருப்பதாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரதத்திலும் மாத்திரையையும் தண்ணீரையும் விடக் கூடாது. கூட்டத்திலும் குறுகலான வாசலிலும் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடலாம். அப்போது யாரும் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து அதைத் தாண்டச் சொல்லுங்கள், அல்லது தாளத்தோடு பாடச் சொல்லுங்கள். தாளத்துக்குக் கால் எழும்பும்; பாட்டோடு போகும் யாத்திரையில் இதற்குக் குறைவிருக்காது. வாந்தி வந்தால் மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மருந்து வேண்டவே வேண்டாம், அது இந்த நோயைக் கிளறிவிடும். இதையும் மாத்திரை பெயர், நேரங்களையும் ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வையுங்கள்.

அப்புறம், மாத்திரை நேரத்துக்கு அடிக்கும் அலாரத்தைச் சித்தியின் கைப்பேசியில் வைத்துக் கொடுங்கள். பொறுப்பு அவருடையது என்று சொல்லியே கொடுங்கள்.