ஒரு டம்ளர் பாலுக்கு அனனியாவா?

கேள்வி: எனக்கு 9 வயதில் மகன், 6 வயதில் மகள். தினமும் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒரு வேதாகமக் கதை சொல்வேன். முன்பு ஆசையாக உட்கார்ந்தவர்கள் இப்போது ‘தூக்கம் வருது’ என்று நழுவுகிறார்கள். படம் போட்ட பைபிள் வாங்கலாமா, கார்ட்டூன் வீடியோ காட்டலாமா? அன்றன்று செய்த தப்புக்குப் பொருத்தமாகத்தான் கதையைத் தேர்ந்தெடுக்கிறேன். போன மாதம் சின்னவள் பாலை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு, குடித்துவிட்டேன் என்று பொய் சொன்னாள். அன்றைக்கு அனனியா, சப்பீராள் கதை. அதிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறாள், அது வேறு தொல்லை. கரண்ட் பில்தான் ஏறுகிறது.
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: வேறு தொல்லை இல்லை சகோதரி, அதுதான் தொல்லை. படம் போட்ட பைபிளை அப்புறம் பார்க்கலாம்.

அனனியா யார்? நிலத்தை விற்று, பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை முழுத்தொகைபோல அப்போஸ்தலர் பாதத்தில் வைத்த வளர்ந்த ஆள். விழுந்து செத்தான். ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது தெரியாமல் மனைவி சப்பீராள் வருகிறாள். உன் புருஷனை அடக்கம்பண்ணினவர்களுடைய கால்கள் வாசற்படியில் வந்திருக்கிறது என்கிறார் அப்போஸ்தலர் பேதுரு. அவளும் விழுகிறாள். கேட்ட சபையே நடுங்கிப்போனது என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது.

அதைக் கொண்டுபோய் ஒரு டம்ளர் பாலுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படி ஏறினாலும் உங்களுக்கு அது வெறும் செருப்புச் சத்தம். இருட்டில் படுத்திருக்கிற அவளுக்கு அது யார் கால்?

மகன் கதை எதையும் நீங்கள் எழுதவில்லை. தாத்தாவின் வழுக்கையை அவன் கிண்டல் செய்திருந்தால், தீர்க்கதரிசி எலிசாவின் வழுக்கையைக் கிண்டல் செய்த பிள்ளைகளும் அவர்களில் 42 பேரைப் பீறிப்போட்ட இரண்டு கரடிகளும் அன்றிரவே வீட்டுக்குள் வந்திருக்கும். ‘இன்றைக்கு யார் மாட்டினோம்?’ என்று பார்த்துக்கொண்டு உட்காருகிற பிள்ளைக்குத் தூக்கம் வராமல் என்ன செய்யும்? இதில் படம் போட்ட பைபிள் வாங்கினால், பிரம்புக்குக் கலர் காகிதம் சுற்றியதுதான் மிச்சம்.

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதனால் கோபமாகவே சொல்கிறேன். பொய் சொன்னாளா, கண்டியுங்கள். நீங்கள் கண்டியுங்கள். பாலை ஏன் ஊற்றினாய் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஆடை மிதந்திருக்கும். (எனக்கும் அந்த வயதில் ஆடையைக் கண்டால் குமட்டும்.) இனி பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல், பொய் சொன்னதற்கு ஒரு வாரம் உன் டம்ளரை நீயே கழுவு என்று முகத்தைப் பார்த்துச் சொல்வது தாயின் வேலை. அந்தச் சங்கடத்துக்குப் பயந்து, நாம் நல்ல அம்மாவாக இருந்துகொண்டு, அடிக்கிற வேலையை மட்டும் கடவுள் தலையில் கட்டுகிறோம். பிள்ளை பெற்றவர்கள் செய்யக்கூடாத காரியம் இது.

‘ஆசாரியன் ஏலி தன் பிள்ளைகளை அடக்காமல் விட்டுத்தானே கெட்டான்’ என்று பதில் எழுதுவீர்கள். சரி, யார் அடக்கியிருக்க வேண்டும்? அப்பன்காரன். நான் சொல்வதும் அதைத்தான்.

கதைக்கு நேரம் எது என்றால், பிள்ளை கேட்கிற நேரம். இஸ்ரவேலரோடு யோர்தான் ஆற்றைக் கடந்த பிறகு 12 கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினான் அவர்கள் தலைவன் யோசுவா. நாளைக்குப் பிள்ளைகள் ‘இது என்ன கல்?’ என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றான். யாராவது தப்பு செய்யட்டும், அந்தக் கல்லைக் காட்டுவோம் என்று அவன் சொல்லவில்லை.

இன்றைக்கு ராத்திரி விளக்கு எரியட்டும். அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சாமுவேல் கதையைச் சொல்லுங்கள். அவனும் சின்னப் பிள்ளை, அம்மாவை விட்டுத் தள்ளி ஆலயத்தில் படுத்திருக்கிறான். அங்கேயும் விளக்கு அணையவில்லை, வசனத்திலேயே இருக்கிறது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஏலிதான் என்று எழுந்து ஓடுகிறான். ‘நான் கூப்பிடவில்லை, திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்’ என்கிறார் கண் மங்கின அந்தக் கிழவர். மூன்று தரம் எழுப்பியும் ஒரு அதட்டல் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை அவன் அம்மா ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு வருவாள், அதை விட்டுவிடாதீர்கள். என்ன கலர் என்று மகள் கேட்பாள். வேதத்தில் இல்லை, அவளே முடிவு செய்யட்டும். கூப்பிட்டது கடவுள் என்று தெரிந்து, ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று அவன் சொல்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு ஏலி வீட்டுக்கு வருகிற தண்டனையை அவள் வளர்ந்து தானே படித்துக்கொள்வாள். ‘இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

விளக்கை அவளே ஒருநாள் எழுந்து அணைப்பாள். அதுவரை கரண்ட் பில்லைக் கட்டுங்கள்.