காசநோய் மாத்திரையும் கல்லீரலின் வேகமும்

கேள்வி: எனக்கும் தம்பிக்கும் ஒரே சமயத்தில் காசநோய் கண்டறியப்பட்டது. எடையும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஒரே அளவு மாத்திரை தருகிறார்கள். இரண்டு மாதத்தில் எனக்குப் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வந்துவிட்டன, தம்பிக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்; இந்த எரிச்சலுக்கு மருந்து இருக்கிறது.

சர்க்கரை நோய், மதுப்பழக்கம், சத்துக்குறைவு ஆகியவையும் பாத எரிச்சலைத் தரலாம் என்றாலும், உங்கள் கூட்டு மாத்திரையில் உள்ள ஐசோநியாசிட் மீதுதான் முதலில் சந்தேகம் எழும். இந்த மருந்தைக் கல்லீரலில் உள்ள ‘நாட்-2’ என்னும் நொதி மாற்றி, உடலிலிருந்து வெளியேற வழிசெய்கிறது. அந்த நொதிக்கான மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறோம். இரண்டுமே மந்தமான வகையாக அமைந்தவர்களுக்கு மருந்து மெதுவாகவே கழியும். ஒரே பெற்றோருக்குப் பிறந்தாலும் அக்காவுக்கு ஒரு சேர்க்கையும் தம்பிக்கு வேறொன்றும் வாய்ப்பது இயல்பு. இரத்தத்தில் மருந்தின் அளவு பாதியாகக் குறைய, வேகமாக மாற்றுவோருக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரமும், மெதுவாக மாற்றுவோருக்கு 2 முதல் 5 மணி நேரமும் ஆகும். ஜப்பானியரில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே மெதுவான வகையினர்; இந்தியரிலோ பாதிக்கு மேற்பட்டோர் அவ்வகையே. ஆகவே உங்கள் உடலில் ஏதோ கோளாறு என்று கலங்க வேண்டியதில்லை.

நரம்புக்கு அவசியமான வைட்டமின் பி6-ஐ ஐசோநியாசிட் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேற்றிவிடுவதால்தான் எரிச்சல் உண்டாகிறது. அதை ஈடுகட்டவே பைரிடாக்சின் (பி6) மாத்திரை தரப்படுகிறது. உங்களுக்கு அது கொடுக்கப்பட்டதா, தவறாமல் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். அளவை மருத்துவர் தீர்மானிப்பார்.

தம்பிக்கு மருந்து சீக்கிரம் கழிந்தால் நோய் குணமாகாதோ என்ற கவலை எழலாம். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமாக மாற்றுவோரிடம் பலன் குறைந்ததைக் கண்டது. நாள்தோறும் உட்கொள்ளும் கூட்டு மருந்தில் அந்த வேறுபாடு பெரிதாகப் பாதிப்பதில்லை என்பதால், இம்மரபணுவைச் சோதித்து அளவை மாற்றுவது இங்கே வழக்கமில்லை.

மெதுவான வகையினருக்குக் கல்லீரல் பாதிப்பும் சற்றுக் கூடுதலாக வருகிறது. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, ஓயாத குமட்டல் என ஏதேனும் தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே, அன்றைக்கே, மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.