ரிப்போர்ட்டை மறைத்து அட்மிஷன் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வான். எழுதச் சொன்னால் அரைப் பக்கம் தாண்ட மாட்டான். சைக்காலஜிஸ்டிடம் காட்டினோம், டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு என்று ரிப்போர்ட் கொடுத்தார். இப்போதைய பள்ளியில், “டி.சி. வாங்கிக்கொண்டு வேறு ஸ்கூல் பாருங்கள்” என்கிறார்கள். இரண்டு தனியார் பள்ளிகள் பார்த்தோம். ஒன்று பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளி, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் ரிசோர்ஸ் ரூம் இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம். இன்னொன்று வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன மெட்ரிக் பள்ளி. வகுப்பில் 25 பிள்ளைகள்தான். ரிப்போர்ட்டைக் காட்டாமல் சேர்த்துவிடு என்கிறார் மாமனார். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: மாமனாரின் பயம் புரிகிறது. ஆனால் மறைக்காதீர்கள். முதல் கிளாஸ் டெஸ்ட் பேப்பர் கைக்கு வந்ததுமே டீச்சருக்குத் தெரிந்துவிடும். காரணம் தெரியாததால் “சோம்பேறி” என்று பெயர் வைத்துவிடுவார்கள். அதை அழிக்க ஒரு வருஷம் போதாது. அதோடு பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுத ஸ்கிரைபோ வேண்டுமென்றால், விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும்.

டி.சி. விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. அட்மிஷனுக்கு வடிகட்டும் தேர்வு வைப்பதும் குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாய்வரை அபராதம். (சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் இந்தச் சட்டம் பொருந்தாது.) 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது அது. இதையெல்லாம் சொல்வது சண்டைக்குப் போக அல்ல. வேண்டாம் என்று சொல்லிவிட்ட டீச்சரிடம் பிள்ளையைத் தள்ளுவதில் எனக்கு இஷ்டமில்லை. புது இடம் உறுதியாகும்வரை உட்கார்ந்திருக்க உங்களுக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான்.

இனி அந்த ரிசோர்ஸ் ரூம். அப்படியொரு அறையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன், போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே இருப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த சிறப்பு ஆசிரியரா என்று கேளுங்கள். பதிவு எண் இருக்கும். அப்புறம், எந்த பீரியடில் பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பையனை பி.டி. பீரியடில்தான் அனுப்புவார்கள். வெள்ளை ஷூவோடு வந்து உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். வெளியே மற்றவர்கள் கபடி. அவனுக்கு என்ன ஏறும்? நேரத்தை மாற்றச் சொன்னேன். டைம்டேபிளில் இடமில்லை என்றார்கள்.

அறைக்குள் என்ன நடக்கிறது என்பது அதைவிட முக்கியம். வகுப்பு நோட்டை மறுபடி காப்பி அடிக்க வைத்தால் அது டியூஷன், அதற்குத் தனிக் கட்டணம் தண்டம். ஒலியையும் எழுத்தையும் சேர்த்துப் பழக்க வேண்டும்: வாயால் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவது, சொல்லை ஒலி ஒலியாக உடைப்பது. தமிழில் ல, ள, ழ குழம்பும்; கொ, கோ போன்றவற்றில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருவதால் ஒன்றை விட்டுவிடுவார்கள். இந்தக் குழப்பங்களில் உங்கள் பையனுடையது எது என்று சொல்லத் தெரிந்த டீச்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொன்று, சி.பி.எஸ்.இ. பள்ளியில் மூன்றாவதாக இந்தியும் இருக்கிறதா? ஒரு எழுத்து முறையிலேயே தடுமாறுகிறவனுக்கு மூன்று. மூன்றாம் மொழியிலிருந்து விலக்குக்கு அந்த போர்டில் வழி இருக்கிறது. உங்கள் பையனுக்கு அதைத் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும் தருகிறார்கள். ஆனால் கூடுதல் நேரமும் ஸ்கிரைபும் மாநில போர்டிலும் உண்டு. அதனால் பரீட்சைச் சலுகையை வைத்து போர்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால் சின்னப் பள்ளிதான். ஆனால் பிரின்சிபாலிடம் மட்டும் பேசிவிட்டு ஃபீஸ் கட்டக் கூடாது. ஐந்தாம் வகுப்பு டீச்சரைப் பார்த்தே ஆக வேண்டும். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கச் சொல்வீர்களா? கரும்பலகையில் எழுதுவதை அவனுக்கு ஜெராக்ஸாகத் தர முடியுமா? அறிவியல் பேப்பரில் எழுத்துப் பிழைக்கு மார்க் குறைப்பீர்களா? வாய்மொழியாக ஒரு டெஸ்ட் வைக்க முடியுமா? பதில் சொல்லும்போது அந்த அம்மா யோசித்தால் நல்லது. “அதெல்லாம் பார்த்துக்கலாம், விடுங்க” என்று சட்டென்று சொன்னால் எனக்குச் சந்தேகம்தான்.

தனியார் சைக்காலஜிஸ்டின் ரிப்போர்ட் வேறு, அரசுச் சான்றிதழ் வேறு. அரசு மருத்துவமனை வழியாக யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். எட்டு வயதுக்கு மேல்தான் தருவார்கள், உங்கள் பையனுக்கு ஆகிவிட்டது. பதினாலு வயதில் மறுபடி பரிசோதிப்பார்கள்.

சின்னப் பள்ளியில் ரிசோர்ஸ் ரூம் இல்லாத குறைக்கு, மாலையில் ஒரு ரெமெடியல் டீச்சர் வேண்டும். உங்கள் ஊரில் யாரையும் தெரியாவிட்டால் சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனிடம் கேளுங்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறவர்கள் அவர்கள். கோடை விடுமுறைக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள். ஜூனில் போனால் நல்ல டீச்சர்களிடம் இடம் இருக்காது.