சர்க்கரையால்தானா இந்தக் கால் எரிச்சல்?

கேள்வி: எனக்கு வயது 56. மதுரையில் 30 ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்கிறேன். 12 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். ஒன்றரை ஆண்டாக இரண்டு பாதங்களும் இரவில் எரிகின்றன. செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. ஒரு முகாமில் பாதத்தில் கருவியை வைத்துப் பார்த்து, “நியூரோபதி, சர்க்கரையால் வந்தது, இனி இப்படித்தான்” என்றார்கள். எங்கள் டாக்டரும் அதையே சொல்லி ப்ரீகாபலின், மீத்தைல்கோபாலமின் மாத்திரைகள் கொடுத்தார். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் தலை சுற்றுகிறது. இப்போது இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் மரத்துப்போய், நடக்கும்போது அந்தக் கால்விரல் தரையில் தட்டுகிறது. வேறு டாக்டரிடம் காட்டலாமா? 20 ஆண்டுகளாக எங்களைப் பார்ப்பவர், மனம் நோகுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: காட்டுங்கள் அம்மா. அதுவும் இந்த வாரமே. உங்கள் கடிதத்தில் என்னை உட்கார விடாத வரி, விரல் தரையில் தட்டுகிறது என்பதுதான். அதை நீங்கள் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாமில் சொன்னது முழுத் தவறு இல்லை. இரண்டு பாதங்களிலும் ஒன்றுபோல எரிச்சல், இரவில் அதிகம், செருப்பு கழன்றாலும் தெரியாத மதமதப்பு, கூடவே 12 ஆண்டுச் சர்க்கரை. இதைக் கேட்டால் நானும் நரம்புப் பாதிப்பு என்றுதான் சொல்வேன். “இனி இப்படித்தான்” என்று முடித்தார்களே, அதைத்தான் நான் ஒப்பமாட்டேன். நியூரோபதி என்றால் நரம்பு கெட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். ஏன் கெட்டது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. மல்லிகை மொட்டு சிவந்து வந்தால் நேற்றைய பூவா, வெயில் பட்டதா, மூட்டையில் புழுங்கியதா என்று வியாபாரியிடம் எத்தனை கேள்வி கேட்பீர்கள்? உங்கள் காலுக்கும் அப்படிக் கேட்க வேண்டும்.

முகாமில் வைத்த கருவி பெரும்பாலும் அதிர்வை அளப்பதாக இருக்கும். உணர்ச்சி எவ்வளவு குறைந்திருக்கிறது, புண் வரும் ஆபத்து எவ்வளவு என்று காட்டும். நல்ல கருவிதான். ஆனால் காரணத்தைச் சொல்ல அதனால் முடியாது.

காரணங்களில் உங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது வைட்டமின் பி12. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சத்து குறைந்துபோகிறது. வயிற்றெரிச்சலுக்காக ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையையும் நாள்தோறும் போடுகிறவர்களுக்கு இன்னும் குறையும். பி12 குறைந்தாலும் பாதம் இதேபோலத்தான் எரியும், மரக்கும். காலத்தோடு பார்த்தால் சரிசெய்யக்கூடிய காரணம் இது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் சாப்பிடும் மீத்தைல்கோபாலமினே பி12-இன் ஒரு வடிவம். இப்போது இரத்தம் கொடுத்தால் அளவு நன்றாக இருப்பதுபோலத் தெரியலாம். மாத்திரை தொடங்குவதற்கு முன் எடுத்த பரிசோதனை இருந்தால் தேடி எடுங்கள்; இல்லையென்றால் எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் புது டாக்டரும் ஏமாந்துபோவார். தைராய்டும் சிறுநீரகமும் இதே இரத்தத்தில் பார்க்கப்பட வேண்டியவை.

இனி இடது கால். சர்க்கரையால் வரும் பாதிப்பு பெரும்பாலும் இரு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி, காலுறை மாட்டியதுபோலச் சமமாக மேலேறும். ஒரு காலில் மட்டும், வெளிப்பக்கம் மட்டும் மரத்து, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் கதை வேறு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புற எலும்பு முண்டை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. பல மணி நேரம் காலை மடக்கி ஒரே வாகில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவர்களுக்கு அது நசுங்கலாம்; சர்க்கரையால் நொந்த நரம்பு இன்னும் எளிதாக நசுங்கும். இடுப்பு முதுகெலும்பில் நரம்பு அழுந்தினாலும் இப்படி ஆகலாம். எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. நரம்பின் வேகத்தை அளக்கும் மின் பரிசோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். சுரீர் என்று இருக்கும், பயப்பட வேண்டாம். ஏசி அறையில் கால் சில்லிட்டிருந்தால் முடிவு மாறும் என்பதால் காலைச் சூடாக்கிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அதுவரை தரையில் உட்கார வேண்டாம். முக்காலியோ நாற்காலியோ போட்டுக் கட்டுங்கள்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில், நம் ஊர் வழக்கில் பெரியாஸ்பத்திரியில், நரம்பியல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் “எனக்கு நியூரோபதி” என்று ஆரம்பிக்காதீர்கள். என்ன செய்கிறது, எந்தக் காலில் முதலில் வந்தது, எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுப் பிறகு பழைய சீட்டுகளை நீட்டுங்கள். நோயின் பெயரைக் கேட்டுவிட்டால் டாக்டர்களாகிய எங்கள் மூளை தேடுவதை நிறுத்திவிடும்.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். சர்க்கரை இருந்த ஓட்டுநர் ஒருவருக்கு ஓராண்டு சர்க்கரை நரம்பு என்றே மாத்திரை எழுதினேன். இன்னொரு டாக்டர் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் உணர்ச்சியற்ற வெளிறிய படையைக் கண்டுபிடித்தார். தொழுநோய். அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்திலேயே குணமாகிற நோய். அவர் திரும்பி வந்து சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்மேல் கோபம் வரவில்லை. ஆகவே உங்கள் டாக்டரிடம் ஒளிக்க வேண்டாம். “ஒருமுறை நரம்பு டாக்டரிடமும் காட்டிவிடுகிறேன், ஒரு கடிதம் கொடுங்கள்” என்று அவரையே கேளுங்கள். இதற்குக் கோபிக்கிறவர் என்றால், 20 ஆண்டுப் பழக்கத்துக்காக நீங்கள் கால் கொடுக்க வேண்டியதில்லை.

எரிச்சலை அடக்கும் ப்ரீகாபலினால் தலை சுற்றலாம்; அதற்குப் பயந்து அதைத் திடீரென நிறுத்தாதீர்கள். அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதை டாக்டர் சொல்லட்டும். கால் பலவீனம் நாள்கணக்கில் மேலே ஏறினாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ வெளிநோயாளிச் சீட்டுக்குக் காத்திராமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எரிகிறதென்று வெந்நீரில் கால் வைப்பது, தவிட்டு ஒத்தடம் இரண்டும் வேண்டாம். சூடு உங்களுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். இதே காரணத்தால், மீனாட்சியம்மன் கோயிலுக்கு உச்சிவெயிலில் போகாதீர்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆடி வீதிக் கல்லில் நடந்து, வீட்டுக்கு வந்து பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்தவர்கள் உண்டு. காலை அல்லது மாலை பூஜைக்குப் போகலாம்.

புறப்படும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள். இடது காலைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.