விதையிலும் பழத்திலும் பூசணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மிளகாய்ப் பழம் குழி விழுந்து அழுகுகிறது. அழுகாத பக்கத்து விதையை எடுத்து வைக்கலாமா?

வேண்டாம். அந்தப் பழத்தைக் கீறிப் பாருங்கள். குழிக்கு நேர் உள்ளே, விதைகள் பூசண இழையில் ஒட்டிக்கொண்டு துரு நிறமாக இருக்கும். பக்கத்து விதை மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தாலும் தோலுக்குள் நோய் புகுந்திருக்கலாம். விதைத்தால் நாற்றங்காலிலேயே வேலையைக் காட்டும். குழியில் வளையம் வளையமாகத் தெரியும் கரும்புள்ளிகளில்தான் பூசண வித்துகள் உருவாகின்றன. மழைத்துளி பட்டால் தெறித்து அடுத்த பழத்துக்குப் போய்விடும். தெளிப்பு நீரும் அதே வேலையைச் செய்யும், சொட்டு நீர் நல்லது. பழுத்த பிறகுதான் தாக்குதல் அதிகம் என்பதால் பறிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். விதைக்கென்று நோயில்லாத செடிகளைப் பார்த்து முன்கூட்டியே கயிறு கட்டி வையுங்கள்.

நிலக்கடலையில் பச்சைப் பூசணம். கழுவி வறுத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. வறுத்தால் பூசணம் சாகும். அது சுரந்த அஃப்ளடாக்சின் அந்தச் சூட்டில் முழுதாக அழியாது. கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு அது. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகளுக்கு மேல் செத்துப்போனதற்குத் தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கே காரணம். அதை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. அதனால் மாட்டுக்கும் போடாதீர்கள், பாலில் வரும். பருப்பின் ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். அப்புறம், தோலுரிக்கச் சுலபம் என்று காய்ந்த காயில் தண்ணீர் தெளிக்கிறார்களே, பூசணத்துக்கு விருந்து வைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

மாங்காய் சுத்தமாக இருந்தது. பழுத்ததும் எங்கிருந்து கரும்புள்ளி?

பிஞ்சிலேயே புகுந்து, காய் பழுக்கும்வரை தூங்கிய பூசணம் அது. ஆகவே மருந்தடிப்பு பூக்கும் பருவத்திலேயே தொடங்க வேண்டும். பறித்த கையோடு 52 டிகிரி வெந்நீரில் 10 நிமிடம் முக்கி எடுப்பதும் உதவும். சூடு கூடினால் தோல் வெந்துவிடும், வெப்பமானி இல்லாமல் இறங்காதீர்கள்.

விதை நேர்த்திக்கு டிரைக்கோடெர்மாவையும் கார்பன்டசிமையும் கலக்கலாமா?

நோய்ப் பூசணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மாவே ஒரு பூசணம்தான். பூசணக்கொல்லி மருந்தான கார்பன்டசிம் முதலில் அதைத்தான் கொல்லும். ஏதாவது ஒன்று போதும்.

கம்பு விதையில் கருப்பாகக் கெட்டியாக ஏதோ கலந்திருக்கிறது.

தேன் ஒழுகல் நோயின் பூசணக் கட்டிகள். 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைத்து விதையைக் கொட்டுங்கள். மிதப்பதை அள்ளிப் புதைத்துவிடுங்கள். நஞ்சு, கோழிக்கும் ஆகாது. அடியில் தங்கிய விதையை உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசி நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.