கொழுந்தனாரின் கடனுக்கு நான் ஜாமீன் போடலாமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. என் கணவரின் தம்பி, தமது மரச்செக்கு எண்ணெய்த் தொழிலை விரிவாக்க வங்கியில் 15 லட்சம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கடன் கிடைக்கும் என்று மேலாளர் சொல்கிறாராம். “வெறும் கையெழுத்துதானே, கட்டப்போவது அவன்தானே” என்கிறார் என் கணவர். கொழுந்தனார் நல்ல மனிதர். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளில் என் மகள் கல்லூரிக்குச் செல்ல வேண்டும். நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி,

இப்போது உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும் நிலையில் இந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. கொழுந்தனாரின் நேர்மையில் எனக்கு ஐயம் இருப்பதால் இப்படிச் சொல்லவில்லை. ஜாமீன் என்பது ஒருவர் நல்லவர் என்று கொடுக்கும் நற்சான்று அன்று. அவர் கட்டாத தொகையை நான் கட்டுகிறேன் என்ற வாக்குறுதி. மிக நல்லவர்களுக்கும் தொழில் நொடிப்பதுண்டு.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன் போட்ட பிணையாளருக்கும் உண்டு. முதலில் கொழுந்தனாரிடம் கேட்பார்கள், பிறகு செக்கையும் மோட்டாரையும் விற்றுப் பார்ப்பார்கள், கடைசியில்தான் நம்மிடம் வருவார்கள் என்று பலர் நம்பிக் கையெழுத்திடுகிறார்கள். சட்டத்தில் அப்படியொரு வரிசை கிடையாது. பேங்க் ஆஃப் பீகார் தொடர்ந்த வழக்கில் 1968-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கடன்தாரரிடம் எல்லா வழியிலும் முயன்ற பிறகே பிணையாளரிடம் வர வேண்டும் என்று வங்கியைக் காத்திருக்கச் சொன்னால் பிணை வாங்கியதன் நோக்கமே கெட்டுவிடும் என்று தெளிவாக்கியது.

மேலாளர் சம்பளக்காரரைக் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. வழக்குத் தொடர்ந்து தீர்ப்புப் பெற்றுவிட்டால் சம்பளத்தையே பற்றுகை (ஜப்தி) செய்ய முடியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் காப்பாற்றுகிறது. எஞ்சிய ஒரு பங்கை, ஒரே தீர்ப்பின் பேரில் மொத்தம் 24 மாதங்கள் வரை பிடிக்கலாம். கணக்கிடப்படும் சம்பளம் 61,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 20,000 ரூபாய் வரை கைக்கு வராமலே போகும். வருங்கால வைப்பு நிதியைத் தொட முடியாது. ஆனால் உங்கள் பெயரில் இருக்கும் மனைக்கோ வைப்புத் தொகைக்கோ அந்தப் பாதுகாப்பு இல்லை.

கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தாலும் ஒரு விளைவு உண்டு. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். நீங்கள் கொடுத்த ஜாமீன் சிபில் போன்ற நிறுவனங்கள் தரும் உங்கள் கடன் அறிக்கையில் இடம்பெறும். மகளுக்குக் கல்விக் கடன் கேட்டால், பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டியிருக்கும். அப்போது வங்கி பார்ப்பது அந்த அறிக்கையைத்தான். தொழிலில் மழைக்காலம், நிலக்கடலை விலை என்று ஏதோ ஒரு காரணத்தால் தவணைகள் தவறி, 90 நாட்களைத் தாண்டி அது வாராக்கடனாகிவிட்டால், உங்கள் மகளின் விண்ணப்பம் உங்கள் தவறு எதுவும் இல்லாமலே இடறக்கூடும். கணவரிடம் இதைத்தான் முதலில் சொல்லுங்கள். இது சாக்கு அன்று, உண்மையான காரணம். தம்பியிடம் அவர் கூச்சமின்றி எடுத்துச் சொல்லக்கூடியதும்கூட.

மறுப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், கொழுந்தனாருக்கு வேறு வழி தேடவும் உதவலாம். குறு, சிறு தொழில்களுக்கு அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ இல்லாமல் வங்கிகள் கடன் தருவதற்கென்றே 2000-ஆம் ஆண்டில் ஒரு கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை உருவாக்கப்பட்டது. தமது கடனை அதன்கீழ் கொண்டுவர முடியுமா என்று அவர் மேலாளரிடம் நேரடியாகக் கேட்கட்டும். மாவட்டத் தொழில் மையத்திலும் விசாரிக்கட்டும். ஜாமீனுக்குப் பதில் உங்களை இணைக் கடன்தாரராகச் சேர்த்துக்கொள்கிறோம் என்று வங்கி சொன்னால் அதைச் சலுகையாக எண்ணிவிடாதீர்கள். கூட்டாக வாக்குறுதி அளித்தவர்களில் எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இடம் தருகிறது; பாதிக் கடன்தான் உங்கள் பங்கு என்பது வங்கியைக் கட்டுப்படுத்தாது.

குடும்பத்தில் எல்லோரும் பேசி, எப்படியும் உதவியே ஆக வேண்டும் என்று நீங்களே மனமொப்பி முடிவெடுத்தால், முழுச் சுமையும் உங்கள் மீது விழுந்தால் தாங்கக்கூடிய தொகை எவ்வளவு என்று முதலில் கணக்கிட்டு, அந்தத் தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அது தொடர் பிணைப் பத்திரமா என்று பாருங்கள். அப்படியானால் அவர் பின்னாளில் வாங்கும் தொகைகளும் உங்கள் தலையில் ஏறும். இனி வரும் தொகைகளுக்குப் பொறுப்பேற்க மாட்டேன் என்று வங்கிக்கு அறிவிப்புக் கொடுக்க அதே சட்டத்தின் 130-ஆவது பிரிவு உரிமை தருகிறது, ஆனால் ஏற்கெனவே வாங்கியதற்கு அது பொருந்தாது. உங்கள் சம்மதமின்றிக் கடன் விதிகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய கொடுக்கல் வாங்கலிலிருந்து 133-ஆவது பிரிவு உங்களை விடுவிக்கும் என்றாலும், அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி அச்சிட்ட படிவங்களில் பெரும்பாலும் இருக்கும். வெற்றிடம் விட்ட படிவத்தில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள்.

ஒருவேளை நீங்களே கட்ட நேர்ந்தால், கட்டிய தொகையை அவரிடமிருந்து பெறவும், இயந்திரங்கள் மீது வங்கிக்கு இருந்த உரிமையைக் கேட்கவும் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் கணவரின் தம்பி மீது வழக்குப் போட உங்களால் முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிணைப் பத்திரத்தின் நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டும் வரை, சம்பளச் சான்றிதழை வங்கிக்குக் கொடுக்க வேண்டாம்.