கேள்வி பதில்: கிளாரண்டன் பிரபு எட்வர்ட் ஹைடும் நள்ளிரவுத் திருமணமும்

கேள்வி: எட்வர்ட் ஹைட் பிறவிப் பிரபுவா?

பதில்: இல்லை. 1609இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் டின்டன் சிற்றூரில் பிறந்த வழக்கறிஞர் அவர். உள்நாட்டுப் போரில் முதலாம் சார்லஸ் பக்கம் நின்று, பின்னர் அம்மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸோடு அயல்நாடுகளில் அலைந்து, 1660இல் முடியாட்சி மீண்டபோது லார்ட் சான்சலராக, அதாவது மன்னரின் தலைமை அமைச்சர் நிலையில், நாடு திரும்பினார். கிளாரண்டன் ஏர்ல் என்ற உயர் பட்டம் 1661இல்தான் வந்தது.

கேள்வி: கவிஞர் ரோசெஸ்டர் இவருடைய மகன்தானே?

பதில்: பட்டத்தைப் பெயரென்று கொள்ளாதீர்கள். கவிஞர் ஜான் வில்மட் வேறு குடும்பத்தவர். அவர் குடும்பத்தில் அப்பட்டம் வாரிசின்றி அற்றுப்போன பிறகே, அது ஹைடின் இளைய மகன் லாரன்ஸுக்குப் புதிதாக வழங்கப்பட்டது.

கேள்வி: மகள் ஆன் ஹைடை மன்னர் இரண்டாம் சார்லஸின் தம்பி ஜேம்ஸுக்கு மணமுடித்தது ஹைடின் சூழ்ச்சி அல்லவா? திருமணம் நடந்ததே அவர் குடியிருந்த வூஸ்டர் மாளிகையில்தானே!

பதில்: சூழ்ச்சி என்று தோன்றவில்லை. 1660 செப்டம்பர் 3 நள்ளிரவில், மகள் நிறைமாதத்தை நெருங்கியிருந்த நிலையில், ஜேம்ஸின் பாதிரியார் கிரௌதர் நடத்திவைத்த சடங்கு அது, ஆசரி பிரபுவும் ஒரு பணிப்பெண்ணுமே சாட்சிகள். செய்தியைத் தந்தையிடம் பக்குவமாகச் சொல்ல மன்னர் ஆர்மண்ட், சவுத்தாம்ப்டன் ஆகிய இரு பிரபுக்களை அனுப்பினார். மகளை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்துத் தலையை வெட்டலாம், அதற்கான சட்டத்தைத் தானே முன்மொழிவதாக ஹைட் கொதித்தார். இது அவரே எழுதிய தன்வரலாற்றில் உள்ளது; வீழ்ச்சிக்குப் பின் தன்னை நியாயப்படுத்த எழுதியது என்பதால் சற்று ஐயத்தோடே படிக்க வேண்டும். ஆயினும், போட்டியாளர்கள் சூழ்ந்த அரசவையில் இத்தகைய சம்பந்தம் பொறாமையைத்தான் வளர்க்கும் என்பதை அவரைவிட அறிந்தவர் எவருமில்லை.

கேள்வி: சரி, தன் பேரப்பிள்ளைகள் அரியணை ஏற வேண்டுமென்றே மன்னருக்கு மலட்டுப் பெண்ணைப் பார்த்துக் கட்டிவைத்தாராமே?

பதில்: போர்ச்சுகல் இளவரசி கேத்தரினுக்குப் பிள்ளை பிறக்காதென்று 1661இல் யாருக்குத் தெரியும்? அந்த ஒப்பந்தம் வட ஆப்பிரிக்கத் துறைமுகமான டாஞ்சியரையும் நம் பம்பாயையும் சீதனமாகக் கொண்டுவந்தது. ஆனால் 1667இல் எதிரிகளான டச்சுக்காரர்களின் கப்பல்கள் இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள் புகுந்தபோது, மக்கள் அவர் வாயிலில் தூக்குமரம் வரைந்து, ‘டன்கர்க், டாஞ்சியர், மலட்டு ராணி’ என்று எழுதிவைத்தார்கள் (டன்கர்க், அவர் பதவிக்காலத்தில் பிரான்சுக்கு விற்கப்பட்ட துறைமுகம்). அவ்வாண்டே பதவியிழந்து பிரான்சுக்கு ஓடினார்.

கேள்வி: திருமணம் சூழ்ச்சியா, இல்லையா?

பதில்: மூன்றாம் பதிலைப் படிக்கவும்.

கேள்வி: இங்கிலாந்துத் திருச்சபையில் சேராதவர்களைக் கட்டுப்படுத்திய கிளாரண்டன் சட்டத்தொகுப்பு முழுவதும் அவர் எழுதியதா?

பதில்: இல்லை. நாடாளுமன்றம் இயற்றியது, பெயர் மட்டும் அவருடையது.

கேள்வி: பேத்திகள் முடிசூடியதைப் பார்த்தாரா?

பதில்: இல்லை. மகள் ஆன் பெற்ற எட்டுப் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர்கள் மேரியும் தாயின் பெயரே கொண்ட ஆனும் மட்டுமே. மேரி 1689இலும் ஆன் 1702இலும் அரியணை ஏறினார்கள். ஹைட் 1674இலேயே பிரான்சின் ரூவான் நகரில் இறந்துவிட்டார்.